பத்து வருஷம் உழைக்கும்

"இது போதுமேங்க, விலையும் கம்மி" என்று ஞானஜோதி சின்னக் கோடாலியைக் காட்டினாள்.

"நாலு கட்டை பிளந்தா மொண்ணையாயிடும்" என்ற தனசிங், பெரியதை எடுத்துத் தட்டிப் பார்த்தான். கணீரென்றது.

"அது பத்து வருஷம் உழைக்கும் சார்" என்றார் தாம்பரம் மார்க்கெட் இரும்புக் கடைக்காரர்.

"அடுத்த மாசம் கேஸ் வந்துடும்னு சொன்னீங்களே. அதுவரைக்கும் விறகு பிளக்க இவ்வளவு பெருசு எதுக்கு?" என்று ஞானஜோதி கணவனைக் கேட்டாள்.

"பிடியைத் தொட்டுப் பாரு, எவ்வளவு வழவழப்பு! உன் கையில கொப்புளம் வரக் கூடாதுன்னுதான்."

கல்யாணமான வருடமே பதிந்து வைத்த கேஸ் இணைப்பு. இத்தனை வருடத்தில் அவள் கையைப் பற்றி அவன் கவலைப்பட்டது இதுவே முதல் தடவை. அவளுக்குக் கண் கலங்கியது.

பஸ் ஸ்டாண்டில் தனசிங்கின் தங்கை சரோஜினி ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணி! நேத்து சிலிண்டர் கொண்டாந்து மாட்டிட்டாங்க. அஞ்சே நிமிஷத்துல காபி!"

"எந்த சிலிண்டர்?"

"அண்ணன் பேர்ல வந்ததுதான். 'எனக்கு விறகே பழகிப்போச்சு, சரோஜினிக்குக் குடுத்துடுங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்களாமே! யாருக்கு அண்ணி இந்த மனசு வரும்?"

தனசிங் பஸ் வருகிறதா என்று பார்ப்பவன் போல் திரும்பிக்கொண்டான்.

ஞானஜோதி அவன் முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"அதான் பத்து வருஷம் உழைக்கிறதாப் பார்த்து எடுத்தீங்களா?"