தினோலாவில் பப்பாசிக்காய்

சூப்புக் கிண்ணத்தின் மூடியைத் திறந்ததும் யோகராணிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கோழி, இஞ்சி, முருங்கையிலை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இந்தச் சூப்பின் மணம் மட்டும் குமட்டவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு பசித்தது.

ஆனால் இலைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் பப்பாசிக்காய் மிதந்தது.

இந்த மனுஷிக்கு வேறு காயே கிடைக்கவில்லையா?

எதிரில் இருந்த லிகாயா, சாப்பிடு என்று கையைக் காட்டினாள். இருவரும் பிழைக்க வந்த வெளிநாட்டில், அஜின்கோர்ட் தையல் தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் தைக்கிற பிலிப்பினோக்காரி. யோகராணி கழிவறைக்கு ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். சூப்பின் பெயர் தினோலாவாம். அவர்கள் ஊரில் பிள்ளைத்தாய்ச்சிக்கு அதைத்தான் கொடுப்பார்களாம்.

யோகராணிக்கு இந்த வேலையை எடுத்துக் கொடுத்த வேரோனிக்கா அக்கா எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள்.

“உதை வாயில வைச்சிடாதை பிள்ளை! பப்பாசிக்காயடி. வயித்தில கிடக்கிறது கரைஞ்சு போயிடும்.”

யோகராணி கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். லிகாயாவின் முகம் சுண்டிப்போயிற்று. நாலு விரலைக் காட்டி ஆங்கிலத்தில் படபடவென்று ஏதோ சொன்னாள். அக்கா அதை வேண்டாவெறுப்பாகத் தமிழாக்கினாள்.

“தனக்கு நாலு பிள்ளையாம். நாலுக்கும் உதைத்தான் குடிச்சவளாம்.”

இதைச் சமைத்தவள் மேல் எரிச்சல். எட்டிப் பார்த்தவள் மேல் எரிச்சல். நேரம் காலம் தெரியாமல் பசிக்கிற வயிற்றின் மேல் அதைவிட எரிச்சல். இப்படியே பட்டினி கிடந்தால் பிள்ளை தங்காது என்று டொக்டரும் போன கிழமை சொல்லிவிட்டார். சாப்பிட்டாலும் தங்காது, சாப்பிடாவிட்டாலும் தங்காது என்றால் ஒருத்தி என்னதான் செய்வது?

சுற்றியிருந்தவர்கள் வேலைக்குத் திரும்ப எழும்பத் தொடங்கினார்கள்.

யோகராணி கிண்ணத்தை வெடுக்கென்று இழுத்தாள். கரண்டியால் துழாவி, பப்பாசித் துண்டாகவே பார்த்து எடுத்து, அக்காவின் முகத்துக்கு நேரே வாயில் போட்டு மென்றாள். அக்கா “மாதாவே” என்று நெஞ்சில் சிலுவை போட்டாள்.

பாவம், அக்காவுக்குத் தெரியாது. யோகராணி யாருக்கும் சொன்னதில்லை.

ஊரில் இதற்கு முன்னர் இரண்டு தடவை தரித்தது. பப்பாசி, அன்னாசி, எள்ளு ஒன்றையும் மாமி, வீட்டு வாசலுக்குக்கூட வரவிடவில்லை. அவளும் ஆசைக்கு ஒரு துண்டு தொட்டதில்லை.

இரண்டும் தங்கவில்லை.