சிவப்பு வட்டம்

தான் பேசி வைத்திருந்த பெரிய இடத்துக் கல்யாண ஆர்டரை மைத்துனனே குழிபறித்துத் தட்டிக்கொண்டு போனது, போட்டோகிராபருக்கு வயிற்றெரிச்சல். இப்போது அதே கல்யாணத்துக்கு அவனே லென்ஸ் இரவல் கேட்டு வந்து நின்றான்.

"எதை வேணா எடுத்துக்கோ மாப்ளே. சிவப்பு வட்டம் போட்ட பெட்டிய மட்டும் தொட்டுடாதே," என்றவர், தண்ணீர் குடிக்க உள்ளே போனார். திரும்பி வந்தபோது அந்தப் பெட்டியும் இல்லை, மைத்துனனும் இல்லை.

"ஐயோ, ஒசத்தி லென்ஸா? என் தம்பி உங்க தலையிலேயே மிளகாய் அரைச்சுட்டானே!" என்று மனைவி பதறினாள்.

"ரிப்பேருக்குப் போற லென்ஸுக்குத்தான்டி சிவப்பு வட்டம். அது அரைமணி நேரம் நல்லா ஓடும். பொண்ணு மாப்பிள்ளை சேர்ந்து நிக்கும்போது திருக முடியாம இறுகிக்கும்."

"அடப்பாவி மனுஷா! எச்சரிக்கக் கூடாதா?"

"தொடாதேன்னு சொன்னேனே! சொல்லிட்டுத்தான், தாகமே இல்லாம ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சேன்."