நகராத திரை

விளையாட்டில் படகு மறுபடியும் வெடித்தது.

திரை நகரவில்லை.

அவர் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் தளர்த்தினார்.

"பாத்தீங்களாம்மா. உங்க அண்ணனுக்கு அன்னைக்கு எழுதுன பதில்தான் இன்னைக்கும். திரை நகரல, பட்டியல்ல இடமில்ல."

லீமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வயர்கூடை. அந்தக் கேசட் அதில்தான் தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு வந்தது, கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில். அவள் அண்ணன் கஸ்பார் கல்லூரி நாளில் எழுதிய கம்ப்யூட்டர் விளையாட்டு அதில் பதிந்திருந்தது. கம்ப்யூட்டரை டிவியில் செருகி, கேசட்டிலிருந்து விளையாட்டு ஏற, டேப் ரிக்கார்டர் கீச்சிட்டு முடிக்கும்வரை காத்திருந்த காலம்.

"அவன் அனுப்புன நகல்லதான் கோளாறுன்னு நெனச்சேன் சார். அதான் அசலையே எடுத்துட்டு வந்தேன். அவனுக்குத் தெரியாது."

அசலும் அதையேதான் காட்டியது. நீலக் கடல். சுறாக்கள். ஒரு படகு. அசையாத கரை.

அவர் ஒரு பட்டியல் செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் ஓடிய, திரை உருண்டுகொண்டே போகும் சுடும் விளையாட்டுகள் எல்லாம் அதில் உண்டு. உலகம் முழுக்கச் சேர்த்தால் நாலு பேர் படிப்பார்கள். நாலு பேரும் சண்டைக்காரர்கள். அதனால் முதல் பக்கத்திலேயே சட்டம் போட்டிருந்தார்.

திரை தானாக நகர வேண்டும்.

ஆடுகிறவர் சுட வேண்டும்.

ஒன்று குறைந்தாலும் இடமில்லை.

இன்று சாயங்காலம் பட்டியலை அனுப்பிவிடுவார். பிறகு அதைத் திறக்கப்போவதில்லை. இனி எதுவும் வெடிப்பதைப் பார்க்க அவர் கண்ணில் தெம்பில்லை.

"ஒரு ஓரமா எழுதிப் போட்டா என்ன சார்? கல்யாணப் பத்திரிகையில எத்தன பேரு பேரப் போடுதாக. அவுக எல்லாரும் வந்தா பந்தி தாங்குமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் அலுப்பாக இருந்தது.

"அது முறை இல்லம்மா."

"உங்க பதில் வந்த அன்னைக்குக் கம்ப்யூட்டரச் சாக்குல கட்டிப் பரண்ல போட்டான். அவன் மனசுக்குப் பிடிச்சுச் செஞ்சது அது ஒண்ணுதான். மத்த நாளெல்லாம் உப்புக் கம்பெனியில உத்தியோகம். 'ஏண்ணே, அவருக்கு வெளக்கிச் சொல்லேன்'னேன். 'வெளையாடத் தெரியாதவன்ட்ட என்னத்தச் சொல்ல'ன்னுட்டுப் படுத்துட்டான்."

விளையாடத் தெரியாதவன்.

 அவர் ஜாய்ஸ்டிக்கை அவள் பக்கம் தள்ளினார்.

"நீங்களே ஆடிப் பாருங்க. என் மேல சந்தேகம் வேணாம்."

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். கண்ணை மூடி, அண்ணாந்து சாய்ந்தார்.

லீமா ஜாய்ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்புப் பொத்தானை அமுக்கியபடி ஒரு ரப்பர் பேண்ட் இறுக்கிச் சுற்றியிருந்தது. எந்த விளையாட்டுக்கும் அவர் அதைக் கழற்றியதில்லை. பொத்தான் அமுங்கியே இருக்கும். குண்டு நிற்காது. விரல் வலிக்காது. சுடும் விளையாட்டில் சுடாமல் இருந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

பொட்டலம் கட்டிய ரப்பரைப்போல அவள் அதை உருவினாள். வளையலோடு கையில் மாட்டிக்கொண்டாள்.

படகு வந்தது. சுறாக்கள் வந்தன.

அவளுக்குச் சுடத் தெரியாது. ஒதுங்கினாள். "மாதாவே!" என்றாள். இன்னும் ஒதுங்கினாள்.

"சார், தண்ணி ஓடுது."

"அலை மினுங்கும்மா. அது நகர்றது இல்ல."

"இல்ல சார். கரை வருது. எங்க உப்பளம்லா இது!"

அவர் கண்ணைத் திறந்தார். மருந்து கன்னத்தில் வழிந்தது.

திரையின் மேலிருந்து வெள்ளை முக்கோணங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. உப்புக் குவியல்கள். பிறகு ஒரு கலங்கரை விளக்கு. பிறகு சின்னதாக ஒரு மாதா கோவில், சிலுவைக்கு ஐந்தே புள்ளி. சுறாக்கள் இரண்டு பக்கமும் விலகி, படகுக்கு வழி விட்டுப் போயின.

அவர் எட்டிப் பொத்தானை அழுத்தினார்.

கடல் நின்றது.

விரலை எடுத்தார்.

கடல் ஓடியது.

"இப்போ சேருமா சார்?"

திரை நகர்கிறது. யாரும் சுடவில்லை. சட்டத்தின் இரண்டாவது வரி அப்படியேதான் இருந்தது.

அவர் பட்டியல் இருந்த கம்ப்யூட்டரின் கீபோர்டை இழுத்தார். எழுதியவர் என்ற இடத்தில் கஸ்பார் என்று அடித்தார். ஊர், தூத்துக்குடி. சுடும் முறை என்ற இடத்தில் கை நின்றது. அதைக் காலியாகவே விட்டார்.

"அண்ணன் நம்பர் சொல்லுங்க."

மணி போனது. எடுத்துவிட்டார்கள்.

அவர் தன் பெயரைச் சொன்னார். 

"திரை நகருது," என்றார்.



"அப்போ ஆடுறது நீங்க இல்ல," என்றது கஸ்பாரின் குரல். "யாரு?"

அவர் போனை லீமாவிடம் நீட்டினார்.

அவள் திரும்பவில்லை. இரண்டு கையும் ஜாய்ஸ்டிக்கில்.

"இருங்க சார், பாறை வருது."

அவர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். உட்கார்ந்து, போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.