கவணில் வைத்த கல்

"எப்படி ஒடிஞ்சது?" என்று வைத்தியர் கேட்டார்.

"பரண்ல இருந்து விழுந்துட்டேன்," என்றான் அவன்.

சுவரோரம் நின்றிருந்த அவள், தன் கணவன் பொய் சொல்வதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

அவன் விழவில்லை.

அன்று காலையில் சோளப் புஞ்சையின் காவல் பரண்மேல் நின்றவள் அவள். கிளிக்கூட்டம் சோளக் கதிர்களின் மேல் இறங்கியது. கவணில் வைப்பதற்கென்று அவன் உருட்டிக் காயவைத்திருந்த களிமண் உருண்டைகள் இரவு பெய்த மழையில் கரைந்து கிடந்தன. ஆள் நடமாடும் புஞ்சையில் மண்ணுருண்டைதான் எறிய வேண்டும், கல் கூடாது. அந்த ஊரில் எல்லாரும் அறிந்தது அது. அவளுக்கும் சொல்லியிருந்தான்.

அவள் கல்லை வைத்தாள்.

கிளிகள் எழுந்து பறந்தன. ஆளுயரம் நின்ற சோளத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தபோது வலக்கையை இடக்கையால் தாங்கியபடி அவன் உட்கார்ந்திருந்தான். அவளை ஒன்றும் கேட்கவில்லை. வரப்பில் தன் அக்காவின் காலடி கேட்டதும், அருகில் கிடந்த கல்லைக் குதிகாலால் ஈர மண்ணுக்குள் அழுத்திவிட்டான்.

அக்கா அடுத்த புஞ்சைக்காரி. முதல் மனைவி இறந்த பின் ஐந்து ஆண்டுகள் தம்பிக்குச் சோறு பொங்கிப் போட்டவள். நான்கு மாதங்களுக்கு முன் நடந்த மறுமணத்துக்கு அவள் வரவில்லை. அன்று முதல் தம்பி மனைவியிடம் ஒரு சொல் பேசியதில்லை. சொல்ல வேண்டியதை மாட்டிடம் சொல்வாள்.

வைத்தியரிடம் வரும்போது ஆட்டோவில் தம்பியை அணைத்தபடி அக்கா உட்கார்ந்து வந்தாள். மனைவி ஓட்டுநருக்குப் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

புருசன் கையை ஒடித்தவள். அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் அவளுக்கு வேறு பெயர் இராது.

வைத்தியரின் விரல்கள் எலும்பின் மேல் மெல்ல நடந்தன. நடுவில் நின்றன.

"விழுந்தா மணிக்கட்டு போகும். இல்லேன்னா தோள்பட்டை. இது நடுக்கை. என்னமோ வந்து பட்டிருக்கு."

"விழுறப்போ பரண்கால்ல பட்டிருக்கும்."

"வீங்குன இடம் வட்டமா இருக்கே, தம்பி."

"எங்க பரண்கால் உருண்டையா இருக்கும்."

அக்கா தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள்.

பொய் சொல்லத் தெரியாதவன் சொன்ன பொய். இன்னும் இரண்டு கேள்விகளுக்குத் தாங்காது. தாங்கினாலும், அவன் அதை ஆயுள் முழுதும் ஒற்றை ஆளாய்ச் சுமக்க வேண்டும்.

"நான்தான் மதினி," என்றாள் அவள். "கவண்ல கல்லை வச்சிட்டேன். அவுக உள்ள நின்னது தெரியல."

கட்டுப் போட உளுந்து மாவும் முட்டையும் குழைத்த வாடை அறையை நிறைத்திருந்தது. வைத்தியர் மூங்கில் சிம்புகளை வைத்துத் துணியைச் சுற்றினார். கடைசிச் சுற்றில்தான் வாய் திறந்தார்.

"அந்தக் காலத்துல கோட்டை மேல நின்னுக்கிட்டு, வர்ற படையையே கவண்ல அடிச்சு விரட்டுனாகளாம். நீ ஒத்தை ஆளோட நிறுத்திக்கிட்டே, தாயி."

அவன் சிரித்தான். கை அதிர்ந்தது, சிரிப்பைப் பாதியில் விட்டான்.

அக்கா சிரிக்கவில்லை.

"இருபது வருசமா நானும் எறியிறேன். ஒரு கிளி விழுந்ததில்ல. வந்த நாலாம் மாசம் ஆளையே சாச்சுட்டா."

மாடு அங்கே இல்லாததால் சுவரிடம் சொன்னாள். அது ஏச்சா, வேறேதாவதா என்று அவளுக்கு விளங்கவில்லை.

வைத்தியர் காடாத் துணியைக் கிழித்து முக்கோணமாக மடித்தார். கை தொங்கக் கூடாது; கழுத்தோடு தூக்கிக் கட்ட வேண்டும்; விரல் நுனி முழங்கையைவிடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். நாற்பது நாள். நாள்தோறும் அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

"வீட்டுல கட்டிவிடப் போறது யாரு? இப்பவே கட்டிப் பழகிக்கங்க."

அக்கா கையை நீட்டித் துணியை வாங்கிக்கொண்டாள்.

அவன் பெஞ்சிலிருந்து எழுந்தான். கட்டுப் போட்ட கையை ஏந்திக்கொண்டு இரண்டு எட்டு நடந்தான். மனைவியின் முன் வந்து நின்று, கழுத்தைத் தாழ்த்தினான்.

அக்கா தன் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். தம்பியின் குனிந்த கழுத்தைப் பார்த்தாள்.

பிறகு துணியை அவளிடம் கொடுத்தாள்.

அவள் அதைக் கைக்கடியில் செலுத்தினாள். குழந்தையைத் தூக்குவதுபோல் கையை மெல்ல ஏந்தினாள். இரண்டு முனைகளையும் அவன் பிடரிக்குக் கொண்டு போய் ஒரு முடிச்சுப் போட்டாள். புதுத்துணி, கஞ்சி போகாதது. அவள் விரல்களோ வியர்த்திருந்தன. முடிச்சு நெகிழ்ந்தது.

விட்டால் அவிழ்ந்துவிடும். அவள் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்தில் வளையல் ஒலித்தது.

"அப்படியே பிடிச்சுக்க," என்றாள் அக்கா. இம்முறை சுவரிடம் சொல்லவில்லை.

இரண்டாவது முடிச்சை நாத்தனார் போட்டாள்.

மூன்றாவதையும் அவளே போட்டு இறுக்கும் வரை, அவன் தலை நிமிரவில்லை.