மெரினா தைத்த நீளப் பட்டி

"மந்திரம் ஏதும் வச்சிருக்காளுகளோ தெரியல" என்று சலித்தபடி தேநீரை வாங்கினார் கிறிஸ்டியன். நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து கிள்ளும் பெண்களுக்குக் கங்காணி அவர்.

"என்னங்க ஆச்சு?" தோல் துண்டில் ஊசியை ஏற்றியபடியே கேட்டாள் மனைவி மெரினா. அவள் கையால் தைக்கும் கைக்கடிகாரப் பட்டிகள் விலை குறைவு என்பதால் ஹட்டன் கடைகளில் சீக்கிரமே விற்றுப்போகும்.

"மலையில யாரும் வாச் கட்டக்கூடாதுன்னு சொல்லிட்டேன். அப்படியும் பன்னெண்டானா எல்லாரும் சாப்பாட்டுக்குக் கூடைய எறக்கிடுறாளுக. நான் விசிலே ஊதல!"

"நீங்க அரை மணி பிந்தி ஊதுவீங்க."

"அது வேற கதை. இவளுகளுக்கு மணி எப்படித் தெரியுது?"

"வெயில பாத்திருப்பாங்க."

"ஒரு வாரமா மூட்டமா கெடக்கு! நேத்து மேட்டுல நின்னு ஒவ்வொருத்தி கையையும் பாத்தேன், ஒன் கையையும் சேத்துத்தான். ஒண்ணுமில்ல." அவர் பார்வை பட்டியில் விழுந்தது. "இம்புட்டு நீளமா? யானைக்கா?"

"ஒரு ஓடருங்க. பழசு மழையில ஊறி அறுந்துபோச்சாம்."

மறுநாளும் கிறிஸ்டியன் மேட்டில் போய் நின்றார். பெண்கள் கொழுந்து கிள்ளியபடி கீழேயிருந்து ஏறி வந்தார்கள். வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் வந்தவள் மெரினா.

அவள் முதுகுக் கூடையின் பின்விளிம்பில் அந்த நீளப் பட்டி சுற்றியிருந்தது. ஓடாது என்று கிறிஸ்டியன் எப்போதோ வீசியெறிந்த கைக்கடிகாரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர்கள் நேரம் பார்த்துக்கொண்டார்கள்.

மேட்டில் நின்றவருக்கு அவள் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது.