சத்தம் போட்டு வாங்கிய லைன்

"வீடு மாறுனா பிராட்பேண்டை மாத்திக் குடுக்க இத்தன நாளா? நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

கீழக்கரை டெலிபோன் ஆபீஸில் மேசையை ஓங்கித் தட்டினார் வீரபத்திரன். கை வலித்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பேங்க் உத்தியோகம். முதுகுளத்தூரிலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு, சட்டி பானையிலிருந்து சாமி படம் வரை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. இன்டர்நெட் மட்டும் வரவில்லை. அமெரிக்காவில் மகள் பூமயிலுக்கு நிறைமாதம். பிறக்கிற பிள்ளையைக் கம்ப்யூட்டரிலாவது பார்த்துவிட வேண்டுமென்று அவரும் மனைவி ராமலெட்சுமியும் தவியாய்த் தவித்தார்கள்.

"உங்க தெருவுக்குக் காலி லைன் இல்ல சார். வரிசைப்படிதான் தர முடியும்," என்றார் அதிகாரி.

"வரிசையா? டெல்லியில, உங்க டிபார்ட்மென்ட்லயே என் மச்சான் பெரிய எடத்துல இருக்காரு. ஒரு போன் போட்டா போதும்!"

மச்சான் வேல்சாமி இருந்தது கமுதிப் பக்கம், ஆட்டுக்கிடையோடு. அவரிடம் போனே கிடையாது.

மறுநாள் வீரபத்திரன் பேங்க்கிலிருந்து திரும்பினால், வீட்டில் மோடம் பச்சை விளக்கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. லைன்மேன் மதார் வந்து இணைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

வீரபத்திரனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? கேக்குற வெதத்துல கேக்கணும்! நானும் கையக் கட்டிக்கிட்டு நின்னிருந்தா, பேரப்புள்ள பள்ளிக்கூடம் போறப்பதான் நெட்டு வந்திருக்கும்!"

பேங்க்கில் சொன்னார். டீக்கடையில் சொன்னார். சொல்லச் சொல்ல மேசை தட்டிய சத்தம் கூடிக்கொண்டே போனது. டெல்லி மச்சானுக்கு இரண்டு புரமோஷன்கூடக் கிடைத்துவிட்டது.

அந்த வாரமே பேத்தி பிறந்தாள். துணிச் சுருளுக்குள் கிடந்தபடி திரையில் கொட்டாவி விட்டாள். ராமலெட்சுமி அழுதாள். மூக்கு அப்படியே தன் மூக்குதான் என்று வீரபத்திரன் தீர்ப்புச் சொன்னார்.

பக்கத்து வீட்டு உம்மு ஹபீபாவுக்கு அவரே மிட்டாய் கொண்டுபோனார். அந்தம்மாவின் கணவருக்குத் துபாயில் வேலை.

"மாஷா அல்லாஹ்! பேத்திய நல்லாப் பாத்தீங்களாண்ணே?" என்றாள்.

"பாக்காம? நம்ம வீட்லதான் நெட்டு இருக்கே! உங்க வீட்ல இல்லையா தாயி?"

"எழுதிக் குடுத்திருக்கோம்ண்ணே. அவுகள வாரா வாரம் அதுல பாத்துப் பேசலாம்னு."

"எழுதிக் குடுத்துட்டு இருந்தா வருமா? இந்தத் தெருவுல எல்லாரும் ரொம்பச் சாது. நாலு சத்தம் போடணும், மேசையத் தட்டணும். வேணும்னா உங்களுக்காக நான் வந்து ஒரு வார்த்த பேசட்டுமா?"

அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "வேணாம்ண்ணே. வாரப்ப வரட்டும்."

பொழைக்கத் தெரியாத சனம் என்று பரிதாபப்பட்டபடியே வெளியே வந்தார் வீரபத்திரன். தெருமுனைக் கம்பத்திலிருந்து மதார் இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மதாரு! நான் போட்ட சத்தத்துல மறுநாளே ஓடி வந்துட்டீக போல? டெல்லியில இருந்து போன் வந்துச்சா?"

மதார் விழித்தார்.

"டெல்லியா? எனக்கு எந்தப் போனும் வரலையே சார். அன்னைக்கு இந்தத் தெருவுக்கு வந்தது ஒரே லைன். அதுவும் உங்க பக்கத்து வீட்டு ஹபீபா லாத்தா பேருக்கு வந்தது. அவங்க வாசல்லதான் கம்பியோட போயி நின்னேன். உங்க வீட்டம்மா தவிக்கிறதப் பாத்துருக்காங்க போல. 'மொதல்ல அங்கன குடுங்க'ன்னுட்டாங்க."

வீரபத்திரன் கையிலிருந்த மிட்டாய்ப் பெட்டியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

"'எத்தன மாசமாக் காத்திருக்கீங்க, யோசிச்சுக்கங்க'ன்னு நானும் சொன்னேன் சார். அதுக்கு, 'எங்க வீட்டுக்காரவுக மொகம் நோம்புப் பெருநாளைக்கும் இதே மாதிரிதான் இருக்கும். பச்சப்புள்ள மொகம் நாளைக்கே மாறிப் போயிருமே'ன்னாங்க."