கறுப்புப் பட்டை

எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளும் தட்டினாள். மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

கோபியில் பதிவர் சந்திப்பு. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம், சமோசா, டீ. மைக்கைப் பிடித்திருந்தவர் சென்னியப்பன், சங்கத் தலைவர். வலைப்பதிவு எழுதுபவர்களும் பின்னூட்டம் போடுபவர்களும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதிகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

மூன்றாவது விதிக்குத்தான் அந்தக் கைதட்டல். பெயரை மறைத்துக்கொண்டு திட்டுகிற அனானி ஒரு கோழை.

அவருக்குக் கணீரென்ற குரல். முன்வரிசையில் அவர் மனைவி பெருமையோடு உட்கார்ந்திருந்தார்.

அவள் எழுந்தாள்.

“எனக்கு வந்த அனானி பின்னூட்டம் ஒண்ணு இருக்குதுங்க சார். நீங்களே வாசிச்சீங்கன்னா எல்லாருக்கும் உறைக்குமுங்க.”

அவள் சமையல் பதிவர். கணவர் இறந்த இரண்டாவது மாதம், அவருக்குப் பிடித்த பாயசத்தைப் பற்றி எழுதியிருந்தாள். அதற்கு வந்த பின்னூட்டம் இது. அவள் அதை வெளியிடவும் இல்லை, அழிக்கவும் இல்லை. அவளையும் எழுதியவனையும் தவிர ஒருவரும் படித்ததில்லை.

அதோடு எழுதுவதை விட்டாள். சமைப்பதையும் ஏறக்குறைய விட்டாள்.

துக்கம் கேட்க வந்த பதிவர்களில் சமையலறைவரை போனவர் ஒருவர்தான். தண்ணீர் குடிக்கப் போனார். ஆள் யாரென்று பின்னூட்டம் வந்த அன்றே அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தால் போதுமா? ஊர் நம்ப வேண்டாமா?

லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்டினாள். சுவரில் வரிகள் விழுந்தன. நடுவில் இரண்டு வார்த்தைகளின் மேல் கறுப்புப் பட்டை.

ஏதோ கெட்ட வார்த்தை என்று பின்னால் முணுமுணுத்தார்கள்.

தலைவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். சட்டென்று முடித்துவிட்டால் போதும் என்று நினைத்தாரோ என்னவோ, கடகடவென்று வாசித்தார்.

“புருஷன் படத்தை ஃபிரிட்ஜ் மேல் ஏற்றிவிட்டுப் பாயசம் கிண்டுகிறாள். இந்தத் துக்கத்துக்கு எத்தனை ஏலக்காய்?”

ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஏலக்காய்க்கு முன்னால் சின்னதாக ஒரு நிறுத்தம் வேறு. தன் சொந்த வரியை ஒருவன் வேறு எப்படி வாசிப்பான்?

இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

எல்லோரும் கறுப்புப் பட்டையைப் பார்த்தார்கள்.

பிறகு அவரைப் பார்த்தார்கள்.

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். பட்டை விலகியது.

ஃபிரிட்ஜ் மேல்.

அவள் சமைக்கும்போது கணவர் அந்த ஃபிரிட்ஜில்தான் சாய்ந்து நிற்பார். உப்புப் பார்க்கிறேன் என்று கரண்டியோடு நிற்பார். அதனால்தான் படத்தை அங்கே வைத்தாள். அதை இவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

முன்வரிசையில் அவர் மனைவி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மைக் இன்னும் தலைவர் கையில்தான் இருந்தது.

“நாலாவது விதியைப் படிங்க சார்,” என்றாள்.

உட்கார்ந்தாள். நெஞ்சு குளிர்ந்திருந்தது. எவ்வளவோ நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

ஆறிப்போன சமோசாவை எடுத்துக் கடித்தாள்.

உப்புச் சரியாக இருந்தது.